துவக்கேந்திய கையும் ஏடேந்திய கையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



நல்லூரிலே வாழும் எமக்கு நாளாந்தம் இரண்டு நினைவுகள் எதிர்ப்படுகின்றன. முத்திரைச் சந்தியிலே குதிரைமீதமர்ந்து வாளேந்தி நிற்கின்றான் சங்கிலி மன்னன். கந்தசுவாமி கோயிலுக்கு அணித்தாக, நாவலர் பெருமானின் பெயரால் எழுந்த மண்டபம் நிற்கின்றது. ஒருவரை நாம் போரினால் நினைக்கின்றோம். மற்றவரைப் பாடசாலையினால் நினைக்கின்றோம். வாள் ஒருவர் கையில், ஏடு ஒருவர் கையில் என்று பிரித்தே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் ஒரே வாழ்விலே இவ்விரண்டையும் ஏந்தியவர் உண்டா? ஏந்தியவராயின் எதை இறக்கிவைத்தார், எதை இறுதிவரை சுமந்தார்? இக்கேள்விக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்வைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விழைகின்றோம்.

அவ்வாழ்வுக்குரியவர் இராசம்மா பூபாலன் அம்மையார். 1927ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி மலாயா நாட்டின் ஈப்போ நகரிலே, யாழ்ப்பாணத்து வழிவந்த நவரத்தினம் குடும்பத்திலே பிறந்தவர். பதினாறு வயதிலே படைவீராங்கனையானவர். பின்னர் ஆசிரியையாய், தலைமையாசிரியையாய், ஆசிரியைகளின் உரிமைக்காகப் போராடிய சங்கத் தலைவியாய்த் தொண்ணூறு ஆண்டையும் கடந்து வாழ்ந்தவர். எம்மிற் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றிருக்கமாட்டோம். பாடப் புத்தகத்திலே அவருக்கு இடமில்லை. எனினும் அவர் எமக்கு அந்நியரல்லர் என்பதை முதலிலே எடுத்துக் காட்டுதல் வேண்டும்.

எமது ஊர்களிலே "சிங்கப்பூர்ப் பென்சன்காரர் வீடு" என்றும் "மலாயாக்காரர் வளவு" என்றும் இன்றும் வழங்கும் பெயர்களைப் பெரியோர்கள் அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரித்தானியர் மலாயாவில் ரெயில் பாதை இட்டபோதும், காடு வெட்டித் தெரு அமைத்தபோதும், கந்தோர்கள் திறந்தபோதும், கணக்கெழுதவும் நில அளவை செய்யவும் புகையிரத நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் கற்ற ஆட்கள் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிலே கற்று வெளிவந்த வாலிபருக்கோ இங்கே உத்தியோகம் போதவில்லை. ஆகவே கப்பலேறினர். அங்கே "கிராணி" என்று பெயர் பெற்றனர். மாதந்தோறும் தபாற் கந்தோருக்கு வந்த காசுக்கட்டளையினால் இங்கே கல்வீடுகள் எழுந்தன. கோயில் மணிகள் வார்க்கப்பட்டன. தங்கைமாருக்குச் சீதனம் சேர்ந்தது. முதுமையிலே சிலர் திரும்பினர். பலர் அங்கேயே வேரூன்றினர். பனையும் வேலியும் கிணற்றடியும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தாய் தந்தையர் சொல்லக் கேட்ட கதைகளாயின. ஈயச் சுரங்கங்களாற் செழித்த கிந்தாப் பள்ளத்தாக்கிலே, ஈப்போ நகரிலே, இராசம்மா வளர்ந்த சூழல் இதுவே.

அவர் பிறந்த அதே 1927ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்திலே காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளினார் என்பதை இங்கே நினைவுகூரலாம். அடிகளை வரவேற்று அழைத்தவர்கள் எம்போன்ற வாலிபரே. யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசார். இந்திய விடுதலை என்பது கடலுக்கு அப்பாலுள்ள அயலாரின் வழக்கு என்று அவர்கள் கருதவில்லை. மலாயாவில் வளர்ந்த எம்மவர் பிள்ளைகள் சிலரும் அவ்வாறு கருதவில்லை என்பது பதினாறு ஆண்டுகளின் பின் விளங்கிற்று.

1941ஆம் ஆண்டு டிசம்பரிலே யப்பானியர் மலாயாவிற் புகுந்தனர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெல்லப்படாதவர் என்று எண்ணப்பட்ட வெள்ளையர் கைதிகளாய் வரிசையிலே நடந்து செல்லக் கண்ட மக்களின் மனத்திலே ஒரு பெரிய மதில் இடிந்தது. ஆனால் வந்தவரும் இரட்சகராய் வரவில்லை. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சீன மக்கள் கொடுந்துயர் அனுபவித்தனர். சீயத்திலிருந்து பர்மாவுக்கு அமைத்த ரெயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டுக் காய்ச்சலிலும் கழிச்சலிலும் மடிந்தனர். அக்காலத்தைப் பேசும்போது ஒருபக்கத்தை மட்டும் பேசுதல் உண்மைக்குத் துரோகமாகும்.

இத்தகைய வேளையிலே, 1943 யூலை மாதத் தொடக்கத்திலே, சுபாஸ் சந்திரபோஸ் சிங்கப்பூரை அடைந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். ஆண்களின் படையோடு அமையாது, பெண்களுக்கும் ஒரு படையணி வேண்டும் என்றார். 1858இல் வெள்ளையரை எதிர்த்துக் களத்திலே மாண்ட ஜான்சி இராணியின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. சென்னையிலே பிறந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் லக்சுமி அதன் தலைவியானார். 1943 ஒக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசாங்கம் பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் பெண்களின் பயிற்சி முகாம் சிங்கப்பூரிலே திறக்கப்பட்டது.

அந்த முகாமுக்குப் போனவர்கள் யார்? இறப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டிய பெண்களும் போனார்கள். ஆங்கிலப் பாடசாலையிலே கற்ற உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். இந்துக்கள், கிறித்தவர்கள், முசுலிம்கள், தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர் எல்லாரும் ஒரு கூரையின்கீழ்ப் படுத்து, ஒரே பந்தியிலே உண்டு, ஒரே குரலுக்கு எழுந்தனர். அவர்களுட் பெரும்பாலார் இந்தியாவை ஒருநாளேனும் கண்ணாற் கண்டவரல்லர். ஈப்போவிலிருந்து இராசம்மாவும் அவருடைய தமக்கையார் பொன்னம்மாவும் சேர்ந்தனர். மெதடிஸ்த கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டைவிட்டுத் தனியே வெளியே போயறியாதவர்கள். கூந்தலைக் குறுக வெட்டி, காக்கிக் காற்சட்டை அணிந்து, துவக்குச் சுடவும் சனியன் பிடித்துப் பாயவும் இரவிலே நெடுந்தூரம் நடக்கவும் பழகினர். எமது பாட்டிமார் அக்காலத்திலே கோயிலுக்குப் போவதற்கும் துணைதேடியவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் காற்சட்டையின் பாரம் எத்தகையது என்பது விளங்கும்.

படையணியிற் பெரும்பகுதி 1944இலே பர்மாவுக்குச் சென்றது. எம்மவர் ஆயிரமாயிரமாய் மாண்ட அந்த ரெயில் பாதை வழியாகவே அப்பெண்களும் சென்றனர். இரங்கூனிலே தங்கினர், மேமியோ மலைநகரிலே காயம்பட்ட வீரருக்குப் பணிவிடை செய்தனர். இம்பால் படையெடுப்பு மழையாலும் பசியாலும் நோயாலும் முறிந்தது. முன்னரங்கிலே நின்று பொருதும் வாய்ப்பை அப்பெண்கள் பெறவில்லை. ஆயினும் போரின் முகத்தை அவர்கள் காணாமலிருக்கவில்லை. குண்டு வீச்சையும், அறுக்கப்பட்ட கால்களையும், மருந்தின்றி இறந்த வாலிபரையும் கண்டனர். 1945இலே திரும்பும் வழியில் அவர்களுட் சிலர் பயணஞ்செய்த புகையிரதம் தாக்கப்பட்டபோது ஸ்டெல்லா, யோசேபின் என்னும் இரண்டு பெண்கள் உயிர்நீத்தனர். ஏப்பிரல் மாத இறுதியிலே இரங்கூனை விட்டு நீங்கிய கடைசித் தொகுதியினர் பகலிலே மறைந்தும் இரவிலே நடந்தும் ஆறுகளைக் கடந்தும் பாங்கொக்கை அடைந்தனர். போஸ் அவர்களும் அப்பெண்களோடு நடந்தே சென்றார். பின்னர் படையணி கலைக்கப்பட்டது. பிள்ளைகள் வீடு திரும்பினர்.

பெரியோர்களே, இவ்விடத்திலே சிறிது நிற்றல் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை துவக்கேந்தினாள் என்று வேறு ஊரிலே சொன்னால் கைதட்டுவார்கள். நல்லூரிலே அவ்வாறு சொல்லிவிட்டுக் கைதட்டலை எதிர்பார்த்தல் ஆகாது. மூன்று தசாப்தம் போரைக் கண்ட மண் இது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையிலே மூட்டையோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, இந்தக் கோயில் வீதியும் வெறுமையாயிற்று. 2009 மே மாதத்திலே போர் முடிந்தபோது, பிள்ளை வருவான், வருவாள் என்று படலையைப் பார்த்திருந்த தாய்மார் எத்தனை பேர்! இன்றும் பார்த்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஆகையினாலே பதினாறு வயதிலே படைக்குப் போதல் நன்று என்று கூற யாம் இங்கே வரவில்லை. புத்தகம் ஏந்தவேண்டிய பருவத்திலே துவக்கு ஏந்த நேர்தல் எந்த நாட்டிலும் துன்பமே. அந்தத் துணிவைப் போற்றலாம்; அத்தகைய நிலையை யாருக்கும் வேண்டலாகாது.

அப்படியாயின் இராசம்மாவின் வாழ்விலே நாம் எதைக் கற்கப் போகின்றோம்? அவர் போருக்குப் போனதைவிட, போரிலிருந்து திரும்பி வந்து என்ன செய்தார் என்பதையே கற்கவேண்டும். படையிலே அவர் இருந்த காலம் இரண்டு ஆண்டளவே. அதன்பின் அவர் வாழ்ந்தது எழுபது ஆண்டுக்கும் மேல். இரண்டு ஆண்டை எழுபது ஆண்டுக்கு எப்படி உரமாக்கினார் என்பதே இன்றைய எமது பொருள்.

தோற்ற படையின் வீராங்கனையாய், பதினெட்டு வயதிலே, திரும்பி வந்த வெள்ளை அரசாங்கத்தின் கீழே அவர் வீட்டுக்கு வந்தார். பள்ளிப் படிப்பு இடையிலே அறுந்திருந்தது. போரைக் கண்டவருக்கு மீண்டும் வாங்கிலே அமர்ந்து பாடங் கேட்பது எத்துணை கடினம் என்பதை, எம்மூரிலே இடம்பெயர்ந்து, ஆண்டுகளை இழந்து, வயதிற் குறைந்தவர்களோடு ஒரே வகுப்பில் இருந்து கற்றவர்கள் அறிவார்கள். அவர் அமர்ந்தார். 1949இலே சிங்கப்பூரிற் பிறந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் தொடக்ககால மாணவியருள் ஒருவராய்ச் சரித்திரத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றார். சரித்திரத்தை உண்டாக்க முயன்றவர் சரித்திரத்தைக் கற்கப் போனார் என்பதிலே ஒரு பணிவு இருக்கின்றது. தாம் கண்டது ஒரு மூலை. முழுதையும் அறிதல் வேண்டும் என்னும் பணிவு அது. பின்னர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். பூபாலன் என்பவரை மணந்தார்.

ஆசிரியையாய் வந்த இடத்திலே அவர் கண்டது என்ன? ஒரே பட்டம், ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே மணிக்கணக்கு; ஆனால் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், ஆசிரியைக்கு அதனிற் குறைந்த சம்பளம். அதுமட்டுமன்று. ஆசிரியை ஒருத்தி மணஞ்செய்துகொண்டால் அவளுடைய நிரந்தர நியமனம் போய்விடும். மாதத்துக்கு மாதம் தற்காலிக ஊழியையாய் நிற்கவேண்டும். தாலி ஏறினால் உத்தியோகம் இறங்கும் என்பது அக்காலச் சட்டம்! கரும்பலகைக்கு முன்னே நிற்கும்போது ஆணின் குரலும் பெண்ணின் குரலும் ஒரே பாடத்தைத்தானே சொல்கின்றன? சம்பளப் பட்டியலிலே மட்டும் ஏன் இரண்டு?

1960ஆம் ஆண்டிலே மலாயாவில் ஆசிரியைகளுக்கென ஒரு தொழிற்சங்கம் தோன்றியபோது அதன் தாபகத் தலைவியாய் இராசம்மா நின்றார். இது துவக்கில்லாத போர். இதிலே எதிரி என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாது. எதிரே இருந்தவை சட்டப் புத்தகங்களும், குழுக்களும், "பெண்ணின் சம்பளம் வீட்டுக்கு மேலதிக வரும்படிதானே" என்ற பழைய எண்ணமும். மகஜர் எழுதினர், கூட்டங் கூட்டினர், ஊர் ஊராய்ச் சென்று ஆசிரியைகளைச் சேர்த்தனர், அமைச்சர்களின் முன் கணக்கோடும் நியாயத்தோடும் சென்று வாதாடினர். ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியிலே அரசாங்க சேவையிற் சமவேலைக்குச் சமசம்பளம் என்னும் கொள்கையை மலேசிய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அந்த வெற்றிக்கு உழைத்தவர் பலர். அவர்களுள் முன்வரிசையில் நின்றவர் இவர். அவருடைய பெயரையே அறியாத ஆயிரக்கணக்கான பெண்கள் மாதமுடிவிலே தம் உழைப்பின் முழுக்கூலியைப் பெறுகின்றனர். இதைவிடப் பெரிய வெற்றி விழா வேறு எது?

கோலாலம்பூரிலே மெதடிஸ்த பெண்கள் பாடசாலையின் தலைமையாசிரியையாய் அவர் பல்லாண்டு பணியாற்றினார். சீன, மலாய, இந்தியப் பிள்ளைகள் ஒருங்கே கற்ற இடம் அது. 1969 மே மாதத்திலே அந்நகரிலே இனக்கலவரம் மூண்டு இரத்தஞ் சிந்தியதை நாம் அறிவோம். அத்தகைய நகரிலே பல இனத்துப் பிள்ளைகளை ஒரே வாங்கில் இருத்திப் படிப்பிப்பது எளிய காரியமன்று. ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மாதர் சங்கங்களிலும், போதைப்பொருளிலிருந்து இளைஞரைக் காக்கும் இயக்கத்திலும் உழைத்தார். அருணா கோபிநாத் என்னும் சரித்திர ஆசிரியை 2007இலே அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். முதுமையிலும் தம்மைக் காணவந்த இளையோருக்கு அக்காலத்தை எடுத்துரைத்தார்.

படைமுகாமிலிருந்து வகுப்பறைக்கு அவர் கொண்டுவந்தது என்ன என்று யாம் சிந்தித்ததுண்டு. துவக்கை அவர் பர்மாக் காட்டோடு விட்டுவிட்டார். வெறுப்பையும் அங்கேயே விட்டிருக்கவேண்டும். வெறுப்போடு ஒருவர் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு பாடஞ் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பொருள்களைக் கூடவே கொண்டுவந்தார் என்று எமக்குத் தோன்றுகின்றது. முதலாவது, ஒழுங்கு. விடியுமுன் எழுதல், சொன்ன நேரத்துக்கு நிற்றல், எடுத்த கருமத்தை இடையில் விடாமை. இரண்டாவது, சமத்துவம். தோட்டத்துப் பெண்ணும் கிராணியின் மகளும் ஒரே தட்டில் உண்ட முகாமிலே, பிறப்பாலும் பணத்தாலும் வந்த வேற்றுமைகள் கரைந்ததை அவர் கண்ணாற் கண்டவர். கண்டவருக்கு ஏட்டிலே படித்தவரைவிட உறுதி அதிகம். மூன்றாவது, தோல்வியைத் தாங்குதல். அவர்களுடைய படை வெல்லவில்லை, தில்லியை அடையவில்லை. ஆயினும் தோல்வியோடு வாழ்வு முடியவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். பரீட்சையிலே ஒருமுறை தவறியவுடன் உலகமே இருண்டுவிட்டதென்று எண்ணும் எம் வயதினருக்கு இந்த மூன்றாவது பாடம் பெரிதும் வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று. இந்து இளைஞர் சங்கத்து மேடையிலே ஒரு கிறித்தவ அம்மையாரைப் புகழ்வது தகுமா என்று யாரேனும் மனத்துள் எண்ணலாம். மிஷன் பாடசாலையிலே காலை வணக்கத்துக்கு எழுந்துநின்றுவிட்டு, மாலையிலே திருநீறு பூசிக் கந்தன் சந்நிதியில் நின்று வளர்ந்த எமக்கு அது முரணாகத் தோன்றவில்லை. எமக்கு முன்னே நாவலர் பெருமானே வழிகாட்டியிருக்கின்றார். அவர் வெசுலியன் மிஷன் பாடசாலையிலே கற்றார், அங்கேயே கற்பித்தார், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். பின்னர் 1848இலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் பாதிரிமாரோடு கடுமையாக வாதாடியவர். ஆனால் அவர்களிடமிருந்த பாடசாலை ஒழுங்கையும் அச்சுக்கூடத்தையும் பிரசங்க முறையையும் எமதாக்கிக் கொள்ளத் தயங்கியவரல்லர். நல்லதை எங்கிருந்தாலும் எடுத்தல் சைவத்துக்குக் குறைவன்று. பிறர்வீட்டு விளக்கிலே எமது திரியைக் கொளுத்திக்கொண்டால் எமது விளக்கு எமதாகவே எரியும்.

சகோதர சகோதரிகளே, இவ்வாழ்வை வியந்துவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் இங்கே கூடவில்லை. எமது சங்கம் செய்யத்தக்கவை சில உண்டு.

போரிலே படிப்பை இழந்தவர்கள் எமது அயலிலே இருக்கின்றார்கள். இன்று அவர்கள் நடுவயதினர். ஒருவர் முச்சக்கரவண்டி ஓட்டுகின்றார். ஒருவர் தையல் வேலை செய்கின்றார். ஒருவர் ஒரு காலோடு தோட்டஞ் செய்கின்றார். முன்பு எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்பதை விட்டு, இனி என்ன கற்க விரும்புகின்றாய் என்று அவர்களைக் கேட்கும் இடமாக எமது சங்க வாசிகசாலை அமையவேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் போதும். கணினியோ, ஆங்கிலமோ, கணக்கோ, அறிந்ததை அறியாதவருக்குச் சொல்லிக் கொடுப்போம். திரும்பி வந்தவருக்கு ஒரு வாங்கு இருக்கவேண்டும். ஈப்போவுக்குத் திரும்பிய பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது கிடைத்தபடியாலேயே ஒரு நாட்டுக்கு ஒரு தலைமையாசிரியை கிடைத்தார்.

அடுத்து, எமது சங்கத்திலே சகோதரிகள் கோலமிடவும் பன்னீர் தெளிக்கவும் மட்டும் அழைக்கப்படுதல் போதாது. செயலாளராய், பொருளாளராய், தலைவராய் அவர்கள் வரவேண்டும். ஆசிரியைகளின் சம்பளத்துக்காகப் பத்தாண்டு வாதாடிய ஒரு யாழ்ப்பாண வழிப் பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு, நிர்வாக சபைத் தெரிவிலே அவர்களை மறந்துவிடுவோமாயின் நாம் கேட்டது செவிக்கு மட்டுமே உணவாகும்.

மூன்றாவதாக, எமது ஊரிலே எண்பதையும் தொண்ணூறையும் கடந்த ஆசிரியர்கள் வாழ்கின்றார்கள். பங்கருக்குள்ளே பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தவர்கள், மண்ணெண்ணெய் விளக்கிலே விடைத்தாள் திருத்தியவர்கள், இடம்பெயர்ந்த இடத்து மரநிழலிலே வகுப்பு நடத்தியவர்கள். அவர்கள் எந்தப் படையிலும் சேர்ந்தவரல்லர். ஆயினும் போர்க்காலம் முழுவதும் தம் நிலையை விட்டு அசையாது நின்றவர்கள். அவர்களுக்கு எந்தச் சந்தியிலும் சிலை இல்லை. அவர்களுடைய வாழ்வை அவர்கள் வாய்ச்சொல்லாலேயே எழுதி, அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுவோம். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு முதியவரின் திண்ணையிலே ஒரு மாலை அமர்ந்தாற் போதும். காலந் தாழ்த்தினால் ஏடு இருக்கும், எழுதுவதற்குச் சொல்பவர் இருக்கமாட்டார்.

ஒரு மனிதரின் வாழ்வை அவருடைய மிகக் கொடிய இரண்டு ஆண்டுகளைக் கொண்டு அளத்தல் நீதியன்று. ஒரு நாட்டையும் அவ்வாறு அளத்தலாகாது. அதன்பின் வரும் நீண்ட ஆண்டுகளிலே என்ன கற்றோம், யாருக்குக் கற்பித்தோம், யாருடைய கூலியை முழுமையாக்கினோம் என்பதே அளவுகோல். அந்த நீண்ட ஆண்டுகள் இப்பொழுது எமது கையிலே இருக்கின்றன.

நல்லூர்க் கந்தன் எல்லாருக்கும் நல்லறிவும் நெடுவாழ்வும் அருள்வானாக.